கூரை வீட்டுக்குக் காப்பீடு கிடையாது

2024 நவம்பர் 30 இரவு ஃபெஞ்சல் புயல் புதுச்சேரிக்குப் பக்கத்தில் கரையைக் கடந்தது. கடந்த பிறகும் நகராமல் எங்கள் தலைமேலேயே நின்று கொட்டியது. மயிலத்தில் மட்டும் ஒரே நாளில் சுமார் 50 செ.மீ. மழை. இரண்டு நாள் கழித்துத்தான் இடையஞ்சாவடியிலிருந்து கிளம்பி, கிழக்குக் கடற்கரைச் சாலையைப் பிடித்து, மரக்காணத்தில் இருக்கும் அத்தை வீட்டுக்குப் போக முடிந்தது.

வீடு என்று சொல்வது பழக்கத்தில் வருகிறது. அங்கே இருந்தது மூன்று மண் சுவரும் ஒரு வாசற்காலும். நான்காவது சுவர் கரைந்து தெருவோடு போய்விட்டது. கூரையை எங்கே என்று தேட வேண்டியிருந்தது. அத்தை பள்ளிக்கூடத் தாழ்வாரத்தில் உட்கார்ந்திருந்தார். என்னைப் பார்த்ததும் முதலில் சொன்னது இதுதான்: "ரேஷன் கார்டை மட்டும் ஜாக்கெட்டுக்குள்ள சொருவிக்கினு வந்துட்டேன்டா."

முப்பது வருஷமாக உப்பளத்தில் வேலை செய்தவர் அவர். வெயிலில் பாத்தியில் நின்று உப்பு வாரிச் சுமப்பார். மழைக்காலத்தில் உப்பளம் கிடையாது, கூலியும் கிடையாது. அந்த மாதங்களில்தான் புயலும் வருகிறது.

ஒரு வாரம் கழித்து இன்னொன்று நடந்தது. அத்தை மகனின் பைக் வெள்ளத்தில் மூழ்கி இஞ்சினில் சேறு ஏறியிருந்தது. தவணையில் வாங்கிய வண்டி என்பதால் முழுக் காப்பீடு இருந்தது. சர்வேயர் வந்தார், நாலு பக்கமும் படம் எடுத்தார், கையெழுத்து வாங்கினார், போனார். அத்தை அதையே பார்த்துக்கொண்டிருந்துவிட்டுக் கேட்டார்: "வண்டிக்கு இன்சூரன்ஸ் இருக்குது. வூட்டுக்குன்னு ஒண்ணு இல்லியாடா?"

எனக்குப் பதில் தெரியவில்லை. தெரிந்துகொள்ள ஒரு காப்பீட்டு அலுவலகத்துக்குப் போனேன். அங்கே கிடைத்த பதிலைத்தான் இங்கே எழுதுகிறேன்.

படிவத்தில் இல்லாத கட்டம்

வீட்டுக்குக் காப்பீடு இருக்கிறது. எல்லாப் பொதுக் காப்பீட்டு நிறுவனங்களும் ஒரே மாதிரி நிபந்தனைகளோடு விற்க வேண்டிய பாலிசி ஒன்றை, காப்பீட்டு ஒழுங்குமுறை ஆணையம் 2021 ஏப்ரல் 1 முதல் நடைமுறைக்குக் கொண்டுவந்தது. 'பாரத் கிருஹ ரக்ஷா' என்பது அதன் பெயர். தீ, இடி, நிலநடுக்கம், புயல், வெள்ளம், நிலச்சரிவு, கலவரம், வேண்டுமென்றே யாராவது சேதப்படுத்துவது எல்லாம் அதில் அடங்கும். வீட்டுக்கு எடுத்தால், உள்ளே இருக்கும் பொருள்களுக்கும் கட்டடத் தொகையில் 20 விழுக்காடு வரை, அதிகபட்சம் 10 லட்சம், தனியாகப் பட்டியல் கொடுக்காமலே காப்பீடு உண்டு.

விலை எப்படி முடிவாகிறது? பலர் நினைப்பதுபோல நிலத்தின் மதிப்பை வைத்து இல்லை. வீடு தரைமட்டமானால் அதே வீட்டைத் திரும்பக் கட்ட என்ன செலவாகும் என்று கணக்குப் போடுகிறார்கள். பரப்பளவை, ஒரு சதுர அடிக்கு ஆகும் கட்டுமானச் செலவால் பெருக்கினால் வருவதுதான் காப்பீட்டுத் தொகை. அந்தத் தொகையில் ஆயிரத்துக்கு இவ்வளவு என்று பிரீமியம். அந்த விகிதத்தைக் கூட்டவும் குறைக்கவும் சில கேள்விகள் இருக்கின்றன. சுவர் எதனால் ஆனது? கூரை எதனால் ஆனது? கட்டி எத்தனை வருஷம் ஆகிறது? வீடு எங்கே இருக்கிறது, தண்ணீர் தேங்குமா, நிலநடுக்க மண்டலம் எது? இதற்கு முன்னால் சேதம் ஆகியிருக்கிறதா? அந்தச் சொத்தில் உங்களுக்கு உரிமை இருப்பதைக் காட்டும் ஆவணம் உண்டா?

என் வீட்டுக்குக் கணக்குப் போடச் சொன்னேன். என் நைனா கொத்தனார். ஆரோவில்லில் ஊருக்கெல்லாம் வீடு கட்டிக்கொடுத்த கையால், பதினைந்து வருஷம் கொஞ்சம் கொஞ்சமாகச் சேர்த்து இடையஞ்சாவடியில் எங்களுக்கும் ஒரு தளம் போட்ட வீட்டைக் கட்டினார். செம்மண் மேடு, தண்ணீர் நிற்காது. அந்த வீட்டுக்கு வந்த பிரீமியம் வருஷத்துக்குச் சில நூறு ரூபாய். கான்கிரீட் வீட்டுக்கு விகிதம் பொதுவாக ஆயிரத்துக்கு ஒரு ரூபாய்க்கும் கீழேதான். மேலே 18 விழுக்காடு ஜிஎஸ்டி. 2025 செப்டம்பரில் தனிநபர் உயிர்க் காப்பீட்டுக்கும் மருத்துவக் காப்பீட்டுக்கும் ஜிஎஸ்டியை நீக்கியவர்கள் வீட்டுக் காப்பீட்டைத் தொடவில்லை. அதையும் சேர்த்தாலும், மாதம் இரண்டு மூன்று டீ செலவு.

அடுத்து அத்தை வீட்டைச் சொன்னேன். முதல் இரண்டு கேள்வியிலேயே முடிந்துவிட்டது. மண் சுவர். கீற்றுக் கூரை. எதிரில் இருந்தவர் மரியாதையாகத்தான் பேசினார். "சார், அது கச்சா. நாங்க எடுக்கறதில்ல." ஓலை, புல், மூங்கில், பலகை, தார்ப்பாய், பிளாஸ்டிக் இவற்றால் ஆன சுவரோ கூரையோ இருந்தால், காப்பீட்டு மொழியில் அது 'கச்சா' கட்டடம். அதற்குக் கூடுதல் பிரீமியம் போடுவார்கள், பெரும்பாலும் ஏற்கவே மாட்டார்கள். மற்ற கேள்விகளையும் கேட்டிருந்தால் அவற்றிலும் அத்தை தோற்றிருப்பார். இடம் பள்ளம். தண்ணீர் தேங்கும். 2011 டிசம்பரில் தானே புயலில் ஒருமுறை, 2020 நவம்பரில் நிவர் புயலில் ஒருமுறை என்று சேதக் கணக்கு நீளம். பட்டா அவர் பெயரில் இல்லை.

அந்தப் படிவத்தில் சாதி என்று ஒரு கட்டம் இல்லை. நானும் திருப்பித் திருப்பிப் பார்த்தேன். இருக்க வேண்டிய அவசியமே இல்லை. மற்ற எல்லாக் கட்டங்களும் சேர்ந்து அதைச் சொல்லிவிடுகின்றன.

கூரையை யார் தீர்மானித்தது?

'கீற்றுக் கூரை தீப்பிடிக்கும், அதனால் பிரீமியம் அதிகம். இதில் சாதி எங்கே வந்தது, இது வெறும் கணக்கு' என்று சில நண்பர்கள் கேட்பார்கள். கணக்கு சரிதான். அந்தக் கணக்குக்குள் போகும் எண்கள் எங்கிருந்து வந்தன என்பதுதான் நம் கேள்வி.

கூரையிலிருந்து தொடங்குவோம். இன்றைய கன்னியாகுமரி மாவட்டத்தையும் உள்ளடக்கிய திருவிதாங்கூரில், 19ஆம் நூற்றாண்டில் ஒடுக்கப்பட்ட சாதியினர் வீட்டுக்கு ஓடு போடவும் மாடி எடுக்கவும் தடை இருந்தது. பணம் இருந்தாலும் போடக்கூடாது. ஓலைக்குக் கீழேதான் வாழ வேண்டும் என்பது அங்கே வறுமை விதித்த விதியாக இருக்கவில்லை, சாதி விதித்த சட்டமாக இருந்தது. மற்ற இடங்களில் சட்டம் தேவைப்படவில்லை, கூலியே போதுமானதாக இருந்தது.

அடுத்து மனை. 1891இல் செங்கல்பட்டு ஆட்சியர் திரமென்கீர் எழுதிய அறிக்கையைப் பஞ்சமி நிலத்துக்காகத்தான் நாம் நினைவில் வைத்திருக்கிறோம். அதில் குடியிருப்பு மனையைப் பற்றியும் பேசியிருக்கிறார். சேரியின் மனையே மிராசுதாருக்குச் சொந்தம் என்று உரிமை கொண்டாடப்பட்டது. கூலி உயர்த்திக் கேட்டால், எதிர்த்துப் பேசினால், வீட்டைக் காலி செய் என்று சொல்ல முடியும். நாளைக்கே துரத்தப்படலாம் என்று தெரிந்தவன் செங்கல்லில் சுவர் எழுப்புவானா? கையோடு பிரித்துக் கொண்டுபோகக் கூடிய கூரையைத்தான் போடுவான். மனை உரிமை இல்லாததன் விளைவுதான் கச்சா வீடு. இன்று காப்பீட்டு நிறுவனம் இரண்டையும் தனித்தனிக் குறைகளாக எண்ணி இரண்டு முறை தண்டிக்கிறது.

மனைப்பட்டா கொடுக்கத் தமிழ்நாட்டில் 1978ஆம் ஆண்டின் ஆதிதிராவிடர் நல நில எடுப்புச் சட்டம் இருக்கிறது. பட்டா வாங்கியவர்களும் இருக்கிறார்கள். ஆனால் காகிதம் கையில் இருக்கும், அளந்து காட்டிய இடம் இருக்காது. இடம் இருந்தால் வருவாய்க் கணக்கில் பெயர் ஏறியிருக்காது. இறந்துபோன மாமனார் பெயரிலேயே பட்டா கிடக்கும். இந்தத் தளத்தைப் படிக்கும் உங்களில் பலர் வீட்டு டிரங்குப் பெட்டியிலும் அப்படி ஒரு காகிதம் இருக்கும்.

அடுத்து இடம். ஊர் மேட்டில், சேரி பள்ளத்தில். ஏரி நிரம்பினால் முதலில் தண்ணீர் வருவது எங்கே என்று எந்தக் கிராமத்துச் சிறுவனைக் கேட்டாலும் கை காட்டுவான். மரக்காணம் பக்கம் ஒருபுறம் கடல், மறுபுறம் கழுவெளி. பறவைகளுக்காக 2021 டிசம்பரில் சரணாலயமாக அறிவிக்கப்பட்ட அந்தச் சதுப்பு நிலம், மழைக்காலத்தில் எங்கள் பகுதி ஓடைத் தண்ணீரையெல்லாம் வாங்கிக்கொள்கிறது. இரண்டுக்கும் நடுவில் எது தாழ்ந்த நிலமோ, எது யாருக்கும் வேண்டாத உவர் மண்ணோ, அதில்தான் உப்பில் வேலை செய்கிறவர்கள் குடியிருக்கிறார்கள்.

அரசு ஆவணங்களிலிருந்து 'காலனி' என்ற சொல் நீக்கப்படும் என்று முதல்வர் 2025 ஏப்ரலில் சட்டமன்றத்தில் அறிவித்தார். வரவேற்கிறேன். அந்தச் சொல்லைச் சுமந்தவர்களுக்குத்தான் அதன் எடை தெரியும். ஆனால் பெயர்ப்பலகையை மாற்றினால் தெரு ஓர் அடிகூட உயராது. வெள்ளம் பலகையைப் படித்துவிட்டு வருவதில்லை.

கடைசியாகக் கட்டடத்தின் வயது. எண்பதுகளிலும் தொண்ணூறுகளிலும் அரசு கட்டிக்கொடுத்த தொகுப்பு வீடுகள் நம் தெருக்களில் இன்னும் இருக்கின்றன. கான்கிரீட் என்ற ஒரு காரணத்தால் அவை 'பக்கா' என்ற வரிசையில் சேர்ந்துவிடும். உள்ளே போய் அண்ணாந்து பாருங்கள். பூச்சு உதிர்ந்து, துருப்பிடித்த கம்பி தெரியும். கடலோரத்து உப்புக் காற்று கம்பியைத் தின்றுவிடுகிறது. தேய்மானத்தால், பராமரிப்பில்லாததால் இடிந்தால் பாலிசியில் பணம் கிடையாது. கடலரிப்பில் போனாலும் கிடையாது. பொம்மையார்பாளையம் முதல் சின்ன முதலியார்சாவடி வரை கடல் அரித்துத் தின்னும் கரையில் வாழும் மீனவ மக்களுக்கும் இந்தப் பாலிசியால் பயனில்லை. அந்த இடத்தில் அவர்களும் நாமும் ஒரே பட்டியலில்தான் இருக்கிறோம்.

கலவரம் என்ற வரி

பாலிசியில் காப்பீடு உண்டு என்று சொல்லும் ஆபத்துகளில் 'கலவரம்' என்று ஒரு சொல் இருக்கிறது. அதைப் படிக்கும்போது நான் நின்றுவிட்டேன். காப்பீட்டு ஆட்களுக்கு அது பத்தோடு பதினொன்று. நமக்கு அதில் ஊர்ப் பெயர்கள் தெரிகின்றன.

1968 டிசம்பர் 25, கீழ்வெண்மணி. ஒரே குடிசைக்குள் 44 பேர் எரிக்கப்பட்டார்கள். 2012 நவம்பர் 7, தருமபுரி. நத்தம், அண்ணா நகர், கொண்டம்பட்டி என மூன்று குடியிருப்புகளில் 200க்கும் மேற்பட்ட வீடுகள் சூறையாடி எரிக்கப்பட்டன. 2013 ஏப்ரல் 25, மாமல்லபுரத்தில் நடந்த சித்திரை முழுநிலவு விழாவின்போது, இதே மரக்காணத்தில் தலித் மக்களின் குடிசைகள் தீக்கிரையாயின. அன்று ஓடியவர்களில் என் அத்தையும் ஒருவர்.

தருமபுரியைக் கொஞ்சம் யோசித்துப் பாருங்கள். அங்கே எரிந்தவற்றில் குடிசைகள் மட்டும் இல்லை. பெங்களூருக்கும் திருப்பூருக்கும் போய் உழைத்துச் சம்பாதித்து, நம் ஆட்கள் கட்டிய நல்ல வீடுகளும் இருந்தன. பீரோவை உடைத்து நகையை எடுத்தார்கள். பைக்கை எரித்தார்கள். பிள்ளைகளின் சான்றிதழ்களை எரித்தார்கள். 1995 ஆகஸ்ட் 31இல் கொடியங்குளத்திலும் அழிக்கப்பட்டது அதுதான். நிமிர்ந்த வீடு, வெளிநாட்டில் சம்பாதித்து வந்த டிவி, தைத்த துணி. மற்றவர்களுக்குக் கூரையிலிருந்து கான்கிரீட்டுக்கு மாறினால் ஆபத்து குறைகிறது. நமக்கு ஒரு ஆபத்து குறையும்போது இன்னொன்று கூடுகிறது. இந்த ஆபத்தை எந்தக் காப்பீட்டுக் கணக்காளரும் எண்ணியதில்லை.

கொடியங்குளத்தில் உள்ளே புகுந்தது கும்பல் இல்லை, காவல்துறை. பாலிசியில் இதற்கும் ஒரு வரி இருக்கிறது. அரசோ சட்டப்படியான அதிகாரியோ பிறப்பித்த உத்தரவால் சொத்து பறிக்கப்பட்டாலும் அழிக்கப்பட்டாலும் இழப்பீடு இல்லை. 'நீர்நிலை ஆக்கிரமிப்பு' என்று சொல்லி ஜேசிபி வைத்து இடிக்கும் வீடுகளுக்கும் அதே பதில்தான்.

வன்கொடுமைத் தடுப்புச் சட்டத்தின் 1995ஆம் ஆண்டு விதிகள் இந்த இடத்தில் காப்பீட்டைவிட முன்னே நிற்கின்றன. வன்கொடுமையில் வீடு எரிக்கப்பட்டாலோ அழிக்கப்பட்டாலோ, அரசு தன் செலவில் செங்கல் அல்லது கல் கட்டடமாகக் கட்டித்தர வேண்டும் என்கிறது இணைப்புப் பட்டியல். எரிந்தது குடிசையாக இருந்தாலும் திரும்ப எழ வேண்டியது செங்கல் வீடு. பிரீமியம் கட்டாமல் நமக்குச் சட்டம் கொடுத்திருக்கும் பாலிசி என்று இதைச் சொல்லலாம். வழக்குப் பதிவாகும்போதே இந்த விதியைக் கேட்டு வாங்குகிறவர்கள் நம்மில் எத்தனை பேர்?

அரசு போட்டிருக்கும் விலை

தனியார் நிறுவனம் குடிசையை எடுக்காது, சரி. அரசு என்ன விலை போடுகிறது?

மாநிலப் பேரிடர் நிவாரண நிதியிலிருந்து எதற்கு எவ்வளவு கொடுக்கலாம் என்று ஒன்றிய அரசு ஒரு விலைப்பட்டியல் வைத்திருக்கிறது. 2022 முதல் 2026 வரைக்கான பட்டியலில், சமவெளியில் முழுவதும் இடிந்த வீட்டுக்கு 1,20,000 ரூபாய். சேதமடைந்த குடிசைக்கு 8,000 ரூபாய். ஃபெஞ்சலின்போது தமிழ்நாடு அரசு குடிசைக்கு 10,000 என்று கொஞ்சம் கூட்டிக் கொடுத்தது. விழுப்புரம் மாவட்டத்தில் பாதிக்கப்பட்ட குடும்பங்களுக்கு அட்டைக்கு 2,000 கொடுத்தது. அத்தை ஜாக்கெட்டில் சொருகிக்கொண்டு ஓடிய அட்டைக்கு வேலை வந்தது அப்போதுதான்.

1,20,000க்கும் 8,000க்கும் நடுவில் பதினைந்து மடங்கு இருக்கிறது. இரண்டு வீட்டிலும் ஒரு குடும்பம்தான். ஒரே புயல்தான். எளியவன் வீடு எளிதில் போகும், அதனால் குறைவாகக் கொடுத்தால் போதும் என்பது இந்தப் பட்டியலின் தத்துவம். இன்னொரு நிபந்தனையும் உண்டு: இடிந்த வீடு அனுமதி பெற்ற கட்டடம் என்று அதிகாரி சான்று தர வேண்டும். மறுபடியும் பட்டா. மறுபடியும் அந்த டிரங்குப் பெட்டி.

நிவாரணத்தை எண்ணிக் கொடுக்கும் கையும் சாதியைத் தாண்டியதில்லை. 2004 சுனாமிக்குப் பிறகு நாகப்பட்டினத்தில் தலித் மக்கள் முகாம்களிலிருந்து விரட்டப்பட்டதையும் நிவாரணம் மறுக்கப்பட்டதையும் மனித உரிமை அமைப்புகள் அப்போதே பதிவு செய்தன. காப்பீட்டுக்கும் நிவாரணத்துக்கும் வித்தியாசம் இங்கேதான் இருக்கிறது. நிவாரணம் கருணை, அதற்கு வரிசையில் நிற்க வேண்டும், பெயர் விட்டுப்போனால் கெஞ்ச வேண்டும். காப்பீடு ஒப்பந்தம், மறுத்தால் குறைதீர்ப்பாளரிடம் போகலாம், நுகர்வோர் நீதிமன்றம் போகலாம். கையேந்துவதற்கும் கணக்குக் கேட்பதற்கும் உள்ள தூரம் அது.

சிவப்புக் கோடு

இது நம் நாட்டில் மட்டும் நடந்ததில்லை. 1930களில் அமெரிக்க அரசின் வீட்டுக்கடன் நிறுவனம் நகரங்களின் வரைபடத்தை எடுத்து, ஆபத்தான பகுதிகளுக்குச் சிவப்பு வண்ணம் அடித்தது. கறுப்பின மக்கள் வாழ்ந்த தெருக்கள் சிவப்பாயின. சிவப்புக்குள் கடன் இல்லை. கடன் இல்லாததால் வீடுகள் பழுதாயின. பழுதானதால் காப்பீடு எட்டாத விலைக்குப் போனது. 1967இல் நகரங்கள் பற்றி எரிந்த பிறகு, நிறுவனங்கள் அந்தப் பகுதிகளைவிட்டு வெளியேறின. 1968இல் அமெரிக்க நாடாளுமன்றம் தலையிட்டுச் சட்டம் போட்டது. சந்தை கைவிட்ட வீடுகளுக்குக் காப்பீடு தர, மாநிலந்தோறும் நிறுவனங்கள் எல்லாம் சேர்ந்து பொறுப்பேற்கும் திட்டங்கள் அதிலிருந்துதான் வந்தன.

அந்தத் திட்டங்களில் குறைகள் இருந்தன, பிரீமியமும் அதிகம். ஆனாலும் ஒன்றை அவர்கள் ஒப்புக்கொண்டார்கள்: ஆபத்து இயற்கையாக வந்து உட்காரவில்லை, அதை உருவாக்கிய சமூகமே அதன் செலவையும் பகிர வேண்டும். நம் ஊரில் அந்த ஒப்புதல்கூட வரவில்லை. சிவப்பு மை தேவைப்படாத நாடு இது. ஊருக்கும் சேரிக்கும் நடுவில் இருக்கும் ஓடையே கோடு.

அம்பேத்கர் சொன்ன காப்பீடு

'காப்பீடு முதலாளித்துவத்தின் வியாபாரம், அதற்காக நாம் ஏன் பேச வேண்டும்' என்று கேட்கும் தோழர்களுக்கு ஒரு செய்தி. 1947இல் பட்டியல் சாதியினர் கூட்டமைப்பின் சார்பில் பாபாசாகேப் தயாரித்த 'மாநிலங்களும் சிறுபான்மையினரும்' என்ற ஆவணத்தை எடுத்துப் பாருங்கள். அரசமைப்பிலேயே எழுதப்பட வேண்டும் என்று அவர் கேட்டவற்றில் நிலத்தையும் அடிப்படைத் தொழில்களையும் அரசுடைமையாக்குவதோடு, காப்பீடு அரசின் ஏகபோகமாக இருக்க வேண்டும் என்பதும் இருக்கிறது. வயதுவந்த ஒவ்வொருவரும் தன் கூலிக்கு ஏற்ற உயிர்க் காப்பீடு எடுப்பதை அரசு கட்டாயமாக்க வேண்டும் என்றும் கேட்டார். கூலி குறைந்தவனுக்குக் குறைந்த பிரீமியம். யாரும் வெளியே இல்லை.

அதன் பொருளாதார நியாயம் எளிமையானது. எல்லாரும் உள்ளே இருந்தால்தான் ஆபத்து பரவலாகிறது, விலை குறைகிறது. மேட்டில் இருப்பவனை மட்டும் சேர்த்துக்கொண்டு, பள்ளத்தில் இருப்பவனை வெளியே தள்ளினால் அது ஆபத்தைப் பகிர்வது ஆகாது. ஆபத்து இல்லாதவர்கள் தங்களுக்குள் வைத்துக்கொள்ளும் சீட்டு அது. உயிர்க் காப்பீடு 1956இலும், பொதுக் காப்பீடு 1973இலும் நாட்டுடைமையாயின. பிறகு 1999 சட்டத்தின் வழியாகத் தனியாருக்குத் திறக்கப்பட்டது. 2025 பட்ஜெட்டில் வெளிநாட்டு முதலீட்டை 100 விழுக்காடாக்குவதாக அறிவித்தார்கள். வரப்போகிறவர்கள் கீற்றுக் கூரையைத் தேடி வருவார்கள் என்று யாராவது நம்புகிறீர்களா?

முடியாத காரியத்தையும் நான் கேட்கவில்லை. 1988இல் ஒன்றிய அரசே பிரீமியம் கட்டி, கிராமப்புற ஏழைகளுக்குக் குடிசைக் காப்பீடு ஒன்றை நடத்தியது. தீப்பிடித்தால் குடிசைக்கு 1,000 ரூபாய், உள்ளே இருந்த பொருளுக்கு 500 ரூபாய். தொகை சிறியது, தீக்கு மட்டும்தான். ஆனால் குடிசையைக் காப்பீடு செய்யவே முடியாது என்பது பொய் என்று அது காட்டியது. நாகாலாந்து அரசு 2024இல் மாநிலத்துக்கே பேரிடர்க் காப்பீடு எடுத்தது. மழை குறிப்பிட்ட அளவைத் தாண்டினால், வீடுவீடாகச் சர்வேயர் வராமலே பணம் வரும் வகை அது. 50 செ.மீ. மழை பெய்த மாவட்டத்துக்கு அதைவிடப் பொருத்தமான பாலிசி எது?

இப்போது ஒரு கணக்கு. கலைஞரின் கனவு இல்லம் திட்டத்தில் 2030க்குள் 8 லட்சம் வீடு கட்டி, குடிசை இல்லாத தமிழ்நாட்டை உருவாக்குவோம் என்கிறது மாநில அரசு. வீட்டுக்கு 3.5 லட்சம் ரூபாய். பிரீமியத்தை ஆயிரத்துக்கு ஒரு ரூபாய் என்று தாராளமாக வைத்தாலும், ஒரு வீட்டுக்கு வருஷம் 350 ரூபாய். 8 லட்சம் வீட்டுக்கும் சேர்த்து 28 கோடி. ஒரு மாநில அரசுக்கு இது பெரிய தொகையா?

ஆகவே என் கோரிக்கைகள் இவை. அரசு கட்டித்தரும் ஒவ்வொரு வீட்டுக்கும், பழைய தொகுப்பு வீடுகளுக்கும், அரசே பிரீமியம் கட்டும் குழுக் காப்பீடு வேண்டும். கான்கிரீட் வரும்வரை காத்திருக்கும் குடிசைகளும் அதற்குள் வர வேண்டும். பேரிடர் விலைப்பட்டியலில் குடிசைக்கு என்று தனி விலை ஒழிய வேண்டும்; வீடு போனால் வீட்டுக்கான தொகை. பட்டா இல்லாததைக் காரணம் காட்டி எதையும் மறுக்கக்கூடாது, குடியிருப்பதே ஆதாரம். கையில் இருக்கும் பட்டாக்களுக்கு இடத்தை அளந்து காட்டி, இன்று வாழ்கிறவர் பெயருக்கு, முடிந்தவரை பெண்கள் பெயருக்கு, மாற்றித்தர வேண்டும். புதிய மனை கொடுத்தால் மேட்டில் கொடுக்க வேண்டும்.

நம் வீடுகளில் நாமே செய்ய வேண்டியவையும் உண்டு. கான்கிரீட் வீடு இருப்பவர்கள் விலையை விசாரியுங்கள், அது உங்கள் ரீசார்ஜைவிடக் குறைவாக இருக்கலாம். வீட்டுக் கடன் இருந்தால் வங்கி எடுத்திருக்கும் பாலிசியின் நகலைக் கேட்டு வாங்குங்கள். கடன் பாக்கிக்கு மட்டும் காப்பீடா, முழு வீட்டுக்குமா, அது முடிந்துபோய்விட்டதா என்று பாருங்கள். பட்டா, சான்றிதழ், வீட்டுப் பொருள்களின் படங்களை எடுத்து வீட்டுக்கு வெளியே ஓரிடத்தில் சேமியுங்கள். தருமபுரி நமக்குச் சொல்லிக்கொடுத்த பாடம் அது.

அத்தை வீட்டில் இப்போது மூங்கில் மேல் நீலத் தார்ப்பாய் போட்டிருக்கிறது. கரைந்த சுவரைத் திரும்ப மண்ணில் எழுப்பிவிட்டார்கள். போன வாரம் போயிருந்தேன். காப்பீட்டு ஆபீசில் என்ன சொன்னார்கள் என்று அத்தை மறக்காமல் கேட்டார். கூரை வீட்டுக்குத் தரமாட்டார்களாம் என்றேன்.

கொஞ்ச நேரம் ஒன்றும் பேசவில்லை. பிறகு சொன்னார்: "ஒழுவற வூட்டுக்குத்தான்டா கொட வேணும். ஒழுவாத வூட்டுக்கு எதுக்குக் கொட?"

இதைவிடத் தெளிவாக எந்தப் பொருளாதார அறிஞரும் சொல்லி நான் படித்ததில்லை. இந்தப் பருவமழைக்கும் வானிலை மையம் எச்சரிக்கை கொடுக்கத் தொடங்கிவிட்டது. அத்தை ரேஷன் அட்டைக்கு ஒரு பிளாஸ்டிக் உறை வாங்கி வைத்திருக்கிறார்.